இமைக்குக் கத்தி வைக்கும் முன்...

ராத்திரி எட்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கி எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் பளிச்சென்று ஆபீஸுக்கு வந்திருப்பீர்கள். எதிரே வரும் மேனேஜர், "என்னப்பா, நேத்து செகண்ட் ஷோவா?" என்பார். கேன்டீனில் பக்கத்து சீட்காரர், "டல்லா இருக்கியே, உடம்புக்கு என்ன?" என்பார். பெண் வீட்டாருக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்து யாரோ ஒரு மாமா, "பையன் குடிப்பானோ?" என்று கேட்டுவிடுவார்.

குற்றம் உங்கள் மேல் இல்லை. உங்கள் மேலிமை மேல்!

இப்படி நாலு பேரிடம் நாலு பேச்சு வாங்கி நொந்து போயிருக்கும் நேரம் பார்த்து, செல்போனில் ஒரு விளம்பரம் வந்து உட்காரும். 'ஒரே மணி நேரத்தில் புதிய கண்கள்! இன்றே பதிவு செய்தால் தள்ளுபடி!' இடது பக்கம் தூங்குமூஞ்சி, வலது பக்கம் சினிமா ஹீரோ. மனசு சபலப்படத்தான் செய்யும்.

வேண்டாம் என்று தடுப்பது என் வேலை இல்லை. தேவைப்படுகிறவருக்கு இது நல்ல சிகிச்சைதான். ஆனால் பழைய பைக் ஒன்று வாங்கக்கூட ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ், டயர் தேய்மானம் என்று குனிந்து நிமிர்ந்து பார்க்கிற நாம், கண்ணுக்கு அரை இஞ்ச் தள்ளிக் கத்தி வைக்கப் போகும்போது எதையுமே பார்க்காமல் அட்வான்ஸ் கட்டலாமா?

ஷட்டர் அல்ல, வைப்பர்!

மேலிமை ஆபரேஷனுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'ப்ளெஃபரோப்ளாஸ்டி'. 1818-ல் ஜெர்மன் சர்ஜன் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிராஃபே இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தபோது அழகு கிழகு எதுவும் அவர் மனதில் இல்லை. புற்றுநோயால் சிதைந்துபோன இமையை மறுபடி உண்டாக்குவதுதான் அன்றைய பிரச்னை. அழகுக்காகச் செய்துகொள்வது பின்னால் வந்த சமாசாரம்.

'கண்ணை இமை காப்பது போல' என்று நாம் சொல்வது வெறும் உவமை இல்லை. பச்சையான மெடிக்கல் உண்மை. நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமை மூடித் திறந்து, கண்ணீரைக் கருவிழி மேல் ஒரே சீராகப் பூசிவிடுகிறது. கார் கண்ணாடிக்கு வைப்பர் மாதிரி. கம்ப்யூட்டரை வெறித்துப் பார்க்கும்போது இந்தக் கணக்கு பாதிக்கும் கீழே போய்விடும். சாயங்காலம் கண் எரிவது இதனால்தான்.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல். ஒரு மில்லி மீட்டர்கூடக் கிடையாது. அதை அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் கண் முழுசாக மூடாது. தூங்கும்போதும் திறந்த கண். கருவிழி காயும், எரியும், புண்ணாகும். குறைவாக வெட்டினால் மறுபடி கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். அதிகமாக வெட்டியதை ஒட்டவைப்பது சுலபமில்லை. தையற்காரர் சட்டை கெடுத்தால் வேறு துணி எடுக்கலாம். இந்தத் துணி கடையில் கிடைக்காது.

அதனால்தான் நல்ல சர்ஜன்கள், புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவே சுமார் 20 மில்லி மீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்று ஸ்கேல் வைத்து அளந்து, உங்களை உட்கார வைத்து, பேனாவால் கோடு போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்கள்.

உங்களுடையது எந்தத் தொய்வு?

முக்கியமான இடம் இதுதான். 'இமை தொங்குகிறது' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றுக்கும் ஆபரேஷன் வேறு.

ஒன்று, தோல் அதிகமாகித் திரை மாதிரி மடிந்து தொங்குவது. வயசாக ஆக வருவது. சில குடும்பங்களில் சீக்கிரமே வரும். ப்ளெஃபரோப்ளாஸ்டி இதற்குத்தான்.

இரண்டு, இமையைத் தூக்கும் தசை பலவீனமாகி, இமையின் விளிம்பே கீழே இறங்குவது. இதற்குப் பெயர் 'டோஸிஸ்'. இங்கிலீஷில் எழுதும்போது முன்னால் ஒரு 'பி' உண்டு; சொல்லும்போது கிடையாது. ஆபீஸில் சிலர் அட்டென்டன்ஸ் ரிஜிஸ்தரில் இருப்பார்கள், சீட்டில் இருக்கமாட்டார்களே, அது மாதிரி! பிறவியிலேயே இருக்கலாம்; அடிபட்டதால் வரலாம்; பல வருஷம் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும் வரலாம். இதற்குத் தசையைச் சரிசெய்ய வேண்டும். வெறுமனே தோலை வெட்டினால் காசு போகும், தூக்கக் களை போகாது.

மூன்று, புருவமே கீழே இறங்கி இமையை அமுக்குவது. இமையை வெட்டினால் புருவம் இன்னும் கீழே வந்து நின்று, முகம் எப்போதும் யார் மேலேயோ கோபமாக இருப்பது மாதிரி ஆகிவிடும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கண்ணாடி முன் நேராகப் பாருங்கள். நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்களா? பலர் தெரியாமலே அப்படித்தான் நிற்பார்கள். விரலால் நெற்றியை லேசாக அமுக்கிப் புருவத்தை அசையாமல் வையுங்கள். இப்போது மடிந்திருக்கும் தோலை இன்னொரு விரலால் மெதுவாகத் தூக்குங்கள். இமை விளிம்பு கருவிழியின் மேல் ஓரத்தை ஒன்றிரண்டு மில்லி மீட்டர் மட்டும் மறைத்தால் சகஜம், தொந்தரவு தோலில்தான். தோலைத் தூக்கியும் விளிம்பு கண்மணி வரை இறங்கியே இருந்தால் தசையைப் பார்க்க வேண்டும். இது உங்களுக்கு ஒரு யோசனை கொடுக்கத்தானே தவிர, முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

அழகுப் பிரச்னை இல்லாமலும் இருக்கலாம்

முப்பது வயசு பேங்க் ஊழியர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கண் நன்றாகத் திறக்கிறது. மதியம் கொஞ்சம் இறங்குகிறது. சாயங்காலம் கேஷ் டேலி பண்ணும் நேரத்தில் பாதி மூடிவிடுகிறது. சில நாள் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. அவர் இதை 'வேலைக் களைப்பு' என்று எடுத்துக்கொண்டு இமையை வெட்டிக்கொள்ளக் கிளம்பினால் என்ன ஆகும்?

அவருக்கு 'மயஸ்தீனியா கிராவிஸ்' இருக்கலாம். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தில் வரும் கோளாறு அது. இமைத் தொய்வு அதன் முதல் அடையாளமாகவே பலருக்கு வரும். மருந்து உண்டு. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு விழுங்குவதும் மூச்சு விடுவதும்கூடக் கஷ்டமாகும். அழகு க்ளினிக்கில் கத்தி வைத்துத் தீருகிற விஷயமா இது?

இன்னொன்று. நேற்றுவரை நன்றாக இருந்த ஒரு கண்ணின் இமை திடீரென்று விழுகிறது. கூடவே கடுமையான தலைவலி, இரட்டைப் பார்வை, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போங்கள். மூளை ரத்தக் குழாயில் வீக்கம் இருக்கலாம்.

காலையில் மட்டும் இமை உப்பிக்கொள்கிறதா? தைராய்டு, சிறுநீரகம், அலர்ஜி மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கண் நோய் இருந்தால், அது அடங்கி ஆறு மாதமாவது நிலையாக இருந்த பிறகுதான் இமையைத் தொடுவார்கள்.

இளவயசுக்காரர்களுக்கு ஓர் உண்மை: இருபதுகளிலும் முப்பதுகளிலும் நிஜமாகவே தோல் தொங்குகிறவர்கள் குறைவு. தூக்கமின்மை, ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கம், அலர்ஜி இவையே பல 'டல்' முகங்களுக்குக் காரணம். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம்தான் உங்கள் கவலை என்றால், மேலிமை ஆபரேஷன் அதை ஒன்றும் செய்யாது. தலைவலிக்கு முழங்காலில் தைலம் தடவிய கதைதான்.

யாரிடம் போவது?

இரண்டு வகை நிபுணர்கள் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள். கண் மருத்துவம் படித்து, இமைச் சீரமைப்பில் தனிப் பயிற்சி எடுத்த 'ஆக்குலோப்ளாஸ்டி' சர்ஜன். அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். போன்ற மேல்பட்டம் வாங்கியவர். ரிசப்ஷனில் சிரித்த முகத்தோடு விலை சொல்லும் 'கவுன்சலர்' டாக்டர் அல்ல. பியூட்டி பார்லரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

முதல் சந்திப்பில் டாக்டர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். பார்வையைச் சோதிக்கிறாரா? கண்ணை இறுக மூடச் சொல்லிப் பார்க்கிறாரா? கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று சிறு காகிதத் துண்டை இமை ஓரத்தில் ஐந்து நிமிடம் வைத்து அளக்கிறாரா? எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுக்கிறாரா? ஐந்து வருஷம் முந்தைய போட்டோ கேட்கிறாரா? இதெல்லாம் செய்கிறவர் கணக்குத் தெரிந்தவர். முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே தேதி கொடுக்கிறவரிடமிருந்து நைசாக நழுவுங்கள்.

நீங்களும் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. ஷுகர், பி.பி., தைராய்டு. கண் வறட்சி. 'லேசிக்' செய்துகொண்டிருந்தால் அதன் தேதி. அது முடிந்து சில மாதம் போகட்டும் என்பார்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், வலி மாத்திரைகள், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எல்லாம். இதில் சில ரத்தக்கசிவை அதிகமாக்கும். ஆனால் இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும். ஆபரேஷன் சாக்கில் அதை விட்டுவிட்டால் அது போனஸ்!

ஆண்கள் ஞாபகமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "டாக்டர், ஆணின் இமைக்கு எந்த உயரத்தில் மடிப்பு வைப்பீங்க?" ஆண்களுக்குப் புருவம் தாழ்வாக, நேராக இருக்கும். மடிப்பும் கொஞ்சம் தாழ்வாகவே இருக்கும். பெண்ணுக்கு வைக்கும் உயரத்தில் மடிப்பு வைத்து, தோலையும் கொழுப்பையும் வழித்தெடுத்துவிட்டால், முகம் ஆச்சரியப்பட்ட மாதிரி நிரந்தரமாக நின்றுவிடும். மேனேஜர் இன்க்ரிமென்ட் இல்லை என்று சொன்னாலும் அதே ஆச்சரியம்தான்!

அந்த ஒரு மணி நேரம்

இமைக்கு மட்டும் மரத்துப் போக ஊசி. பெரும்பாலும் விழித்தே இருப்பீர்கள். சிலருக்கு லேசான மயக்க மருந்து சேர்ப்பார்கள். இயற்கையான மடிப்பு வரியிலேயே கீறி, அதிகப்படியான தோலையும், தேவைப்பட்டால் கொஞ்சம் தசை, கொழுப்பையும் எடுத்துத் தைப்பார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துகொள்ளும். இரண்டு இமைக்கும் சுமார் ஒரு மணி நேரம். அன்றே வீடு. ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு வீரமாகக் கிளம்பாதீர்கள். கூட ஒரு ஆள் வேண்டும்.

முதல் இரண்டு நாள் கண் வீங்கி, கறுப்பு நீலமாக, தெருச்சண்டையில் தோற்றவர் மாதிரி இருப்பீர்கள். ஐஸ் ஒத்தடம், இரண்டு தலையணை வைத்துத் தூக்கம், கண் மருந்து. தையல் ஐந்து முதல் ஏழு நாளில் பிரிப்பார்கள். மேஜை வேலைக்காரர்கள் ஒரு வாரம், பத்து நாளில் ஆபீஸ் போகலாம். ஜிம், நீச்சல், கனம் தூக்குவது, கான்டாக்ட் லென்ஸ் எல்லாவற்றுக்கும் இரண்டு வாரமாவது லீவு. இமை ஓரம் சில வாரம் மரத்த மாதிரி இருக்கும். வீக்கம் முழுசாக வடிந்து நிஜ முகம் தெரிய சில மாதம் ஆகும்.

ஆகவே, வர்ற இருபதாம் தேதி நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொண்டு முதல் தேதி ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் இடைவெளி இருக்கட்டும்.

லாப நஷ்டக் கணக்கு

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் இரண்டு பத்தியாகப் பிரிக்கிற வியாதி எனக்கு உண்டு.

வரவுப் பக்கம்: களைப்பான தோற்றம் குறையும். தோல் பார்வையை மறைத்திருந்தால் மேல்பக்கமும் ஓரமும் நன்றாகத் தெரியும். பலன் பல வருஷம் நிற்கும்.

செலவுப் பக்கம்: சில வாரம் கண் வறட்சி, எரிச்சல். இரண்டு இமைக்கும் சின்ன வித்தியாசம். ஒரு கண்ணில் மட்டும் டோஸிஸ் இருந்து அதைத் தூக்கினால், நன்றாக இருந்த மற்ற கண் இறங்கிவிடுவதும் உண்டு. இரண்டு இமைக்கும் மூளையில் ஒரே ஸ்விட்ச் என்பதால்! திருத்த ஆபரேஷன் வேண்டியிருந்தால் சில மாதம் காத்திருந்தே செய்வார்கள்.

அப்புறம், பாலன்ஸ் ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று போடுவார்களே, அது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து பார்வை நரம்பை அமுக்குவது. இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு என்கிற அளவில் வரும் அபூர்வம். அதிலும் பார்வை போவது பல ஆயிரத்தில் ஒருவருக்கு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். தாங்கமுடியாத வலி, கண் முன்னால் பிதுங்குவது, பார்வை மங்குவது இவையே அடையாளம். 'காலையில் பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே கணக்கு நிமிடங்களில்தான். அதனால் க்ளினிக்கில் கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குப் போன் பண்றது? வரச் சொல்வீங்களா?" பதிலில் தடுமாற்றம் இருந்தால், அந்த இடம் வேண்டாம்.

பண விஷயம். 'பேக்கேஜ்' என்று ஒரே தொகை சொல்வார்கள். சர்ஜன் ஃபீஸ், தியேட்டர், மருந்து, தையல் பிரிப்பு, அடுத்தடுத்த வருகை, திருத்த ஆபரேஷன் எதெல்லாம் உள்ளே, எதெல்லாம் வெளியே என்று எழுதி வாங்குங்கள். பொதுவாக வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வெறும் அழகுக்கான சர்ஜரிக்கு உண்டு. பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்றவற்றைச் சீரமைப்பதற்கு விலக்கு இருக்கிறது.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பொதுவாக அழகு சர்ஜரி விலக்குப் பட்டியலில் இருக்கும். இமை நிஜமாகவே பார்வையை மறைக்கிறது என்றால் கதை மாறலாம். இமை தொங்கும் நிலையில் ஒரு தடவை, பிளாஸ்திரி போட்டுத் தூக்கிவிட்டு ஒரு தடவை எனப் பார்வைப் பரப்பைச் சோதித்து, போட்டோவும் டாக்டர் சான்றும் வைத்து முன்கூட்டியே கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து பில்லை நீட்டினால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

சம்மதப் படிவம் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பேங்க் லோன் பேப்பர் மாதிரி படிக்காமல் போடுவது நம் தேசிய வழக்கம். 2008-ல் சமீரா கோஹ்லி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே சொன்னது: ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, விவரம் தெரிந்து கொடுப்பதே சம்மதம். எனவே 'மேலிமை, இரண்டு பக்கம்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். யார் செய்வது என்று சர்ஜன் பெயர் இருக்கட்டும்.

1995-ல் அதே கோர்ட் கொடுத்த இன்னொரு தீர்ப்பின்படி, காசு கொடுத்துப் பெறும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. ஆனால் பில்லும் ரிப்போர்ட்டும் இல்லாமல் எந்தக் கோர்ட்டும் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரவேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை. கேட்டு வாங்கி வையுங்கள். நல்லபடி ஆனாலும், பிற்காலத்தில் வேறு கண் டாக்டர் கேட்கும்போது உதவும்.

ஜனாதிபதியும் செய்துகொண்டார்

ஆம்பளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. தென் கொரிய ஜனாதிபதி ரோ மூ ஹியுன், 2005-ல் பதவியில் இருக்கும்போதே மேலிமை தொய்ந்ததற்காக ஆபரேஷன் செய்துகொண்டார். பின்னர் கண்ணில் புதிதாக மடிப்பு விழுந்திருந்ததை ஊரே பேசியது. கொரியர்களில் பலருக்கு இமை மடிப்பு பிறவியிலேயே கிடையாது. அதை உண்டாக்கிக்கொள்ளும் ஆபரேஷன் அங்கே சர்வசாதாரணம். நமக்குப் பெரும்பாலும் அந்த மடிப்பு பிறக்கும்போதே இலவச இணைப்பு. கொரியா போட்டோவைக் காட்டி "இதே மாதிரி" என்று நம் ஊர் டாக்டரிடம் கேட்பதில் அர்த்தமில்லை.

போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு வழி. ஒரு தாளில் "என்னை எது தொந்தரவு செய்கிறது?" என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'படிக்கும்போது இமையைக் கையால் தூக்க வேண்டியிருக்கிறது', 'கண்ணாடியில் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை, ரொம்ப நாளாக' என்று வந்தால் கண் டாக்டரைப் பாருங்கள். 'மேனேஜர் சொன்னார்', 'அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்' என்று வந்தால், தாளை மடித்து வைத்துவிட்டு இரண்டு மாதம் பொறுங்கள். தினமும் ஏழெட்டு மணி நேரம் தூங்கி, கசக்குவதை நிறுத்தி, தைராய்டும் ஷுகரும் பார்த்துவிட்டு மறுபடி கண்ணாடி முன் நில்லுங்கள்.

அப்போதும் வேண்டும் என்று தோன்றினால், ஒருவருக்கு இரண்டு டாக்டராகப் பார்த்து, இருவரும் ஒரே கோளாறைச் சொன்னால் தேதி வாங்குங்கள். தள்ளுபடி இன்றோடு முடிகிறதா? முடியட்டும். அடுத்த மாதம் வேறு பெயரில் திரும்ப வரும்.